கடைக்கும் வீட்டுக்கும் நடுவே

முதலில் வந்தது வாடைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. சாம்பார்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த வான்மதியின் மூக்கில், அன்றைக்குத்தான் அறுத்துப் போட்ட மரத்தின் புளித்த வாடை ஏறியது. பச்சை ஓக் மரத்துக்கு அப்படி ஒரு வாடை உண்டு. அவள் கட்டடங்களின் பலம் பார்க்கும் இன்ஜினியர், அதனால் அவளுக்கு அது தெரியும். ஆனால் இந்த வீட்டு ஓக்கை வெட்டி நானூற்றைம்பது வருஷம் ஆகிறது. அதற்கு இன்றைக்கு எந்த வாடையும் வர வழியில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சியில் நம்மவர்கள் வாங்குகிற வீடு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு பெட்ரூம், இரண்டு கார் கராஜ், நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அவ்வளவுதான். அவள் கணவன் முகுந்துக்கு அது போதவில்லை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு சந்தைத் தெருவில், முன்னால் கடையும் பின்னாலும் மேலேயும் வீடுமாக இருந்த மரச்சட்டக் கட்டடத்தை, நூறு வருஷத்துக்கு முன்னால் சோப்பு விற்றுக் கோடீஸ்வரனான ஒருவன் கட்டை கட்டையாகப் பிரித்து, கப்பலில் ஏற்றி, இந்தக் குன்றின் மேல் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தியிருந்தான். கறுத்த ஓக் சட்டங்கள், நடுநடுவே வெள்ளைச் சுவர், கீழ்த்தளத்தைத் தாண்டி இரண்டடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மேல்மாடி. கடைக்குத் தெருப்பக்கம் இரண்டு வளைந்த ஜன்னல்கள். அவற்றின் பலகையைக் கீழே சாய்த்தால் அதுவே சாமான் பரப்பும் மேஜை. முகுந்த் ஆபீஸில் எல்லோருக்கும் போட்டோ அனுப்பினான். வான்மதிக்கும் வீடு பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

வீட்டோடு வந்த பழைய வரைபடங்களை உட்கார்ந்து படித்தது அவள் ஒருத்திதான். அதில் ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே வழியே கிடையாது. மேலே ஒரே நீளமாக ஓர் உத்தரம், தரையில் ஓர் அடிக்கட்டை, இரண்டுக்கும் நடுவே வரிசையாகப் பதினாறு குத்துக்கால்கள், ஒவ்வொரு இடைவெளியிலும் கம்பு பின்னிக் களிமண்ணும் சாணமும் அப்பிய சுவர். கடைக்குள் போக வேண்டுமென்றால் வெளியே போய்த் தெருக்கதவு வழியாகத்தான் போக வேண்டும். கடையைத் தனியாக வாடகைக்கு விட்டிருப்பார்கள், அதனால்தான் என்று ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து ‘இல்லை’ என்று மட்டும் சொன்னது.

அந்தக் கடைதான் வீட்டுக்கு ஈசானிய மூலை. ஈரோட்டிலிருந்து வாட்ஸ்அப் வீடியோவில் வாஸ்து பார்த்த கிட்டுசாமி, “ஈசானியத்த இப்பிடி அடச்சு வச்சா குடும்பம் வெளங்குமுங்களா?” என்று ஒரு கேள்வி கேட்டார். போதாதா? பூஜை அறை அங்கேதான் என்று முடிவாயிற்று. வான்மதி ஒரு பாலத்தைச் சோதிக்க டெலவேருக்கு நாலு நாள் போயிருந்த சமயம் பார்த்து, டவுன்ஷிப் பெர்மிட்கூட வாங்காமல் முகுந்த் அந்தச் சுவரில் வழி வெட்டிவிட்டான். இரண்டு குத்துக்கால்கள் போயின.

திரும்பி வந்தவள் அந்த வழியில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். ஊரான் கட்டடத்துக்கெல்லாம் அவள் கையெழுத்து வேண்டும், சொந்த வீட்டுச் சுவரை இடிக்க அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

“லோட் பேரிங் இல்லன்னு கான்ட்ராக்டர் சொன்னான் மதி. சின்னக் கட்டை ரெண்டு. கராஜ்ல பத்திரமா வச்சிருக்கேன், வேணும்னா திரும்ப மாட்டிக்கலாம்” என்றான் முகுந்த்.

கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை போய்விட்டது, சொந்தபந்தம் டெக்சாஸிலிருந்தெல்லாம் டிக்கெட் போட்டாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கிரகப்பிரவேசத்தை முடித்தாள். கடைசி விருந்தாளியின் கார் குன்றிறங்கியதும் அவனோடு பேச்சை நிறுத்தினாள். மூன்று வாரம் ஆகிறது. ஒன்பது வயது மகள் வெண்பாதான் நடுவில் தபால்காரி.

“வெண்பா, உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு.”

“டாட், ஃபுட்!”

வாடையைப் பிடித்துக்கொண்டு வான்மதி அந்த வழிக்கு வந்தாள். முகுந்த் அங்கேதான், லேப்டாப்பை உயரமான மேஜையில் வைத்துக்கொண்டு, வழியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நாளாகவே அங்கே நின்றபடிதான் வேலை செய்கிறான், நின்றபடிதான் சாப்பிடுகிறான். தன் சாதனைக்குக் காவல் நிற்கிறானாக்கும் என்று அவள் மனசுக்குள் பல்லை நறநறவென்று கடித்திருந்தாள். அவனைப் பார்க்காமல் மேலே பார்த்தாள்.

உத்தரத்தின் அடியில் இரண்டு துளைகள் திறந்திருந்தன.

குத்துக்கால்களின் மேல்முனையில் செதுக்கிய நாக்கு செருகியிருந்த துளைகள் அவை. கான்ட்ராக்டர் அவற்றைப் பட்டி மாவு வைத்து அடைத்து, தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தான். அந்த மாவு இப்போது தரையில் வெள்ளைப் பொடியாகக் குவிந்து கிடந்தது. துளைகளின் உள்பக்கம் இளமஞ்சளாக, ஈரமாக, உளி இப்போதுதான் வெளியே வந்தது போலிருந்தது. பக்கத்தில் தச்சனின் குறிகள். ஆணி இல்லாமல் வீடு கட்டிய காலம் அது. மரங்களை முற்றத்தில் படுக்கவைத்து அறுத்துப் பொருத்திப் பார்த்து, எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று மறக்காமலிருக்க இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி வைப்பார்கள். பத்துக்கு ஒரு பெருக்கல் குறி. அதோடு ஒரு கோடு சேர்ந்தால் பதினொன்று, இரண்டு கோடு சேர்ந்தால் பன்னிரண்டு. மற்ற குறிகளெல்லாம் புகையேறி மங்கிப்போயிருக்க, பதினொன்றும் பன்னிரண்டும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

மூன்று வாரத்து மௌனத்தை அவள் உடைத்தாள். “கராஜ்ல வச்ச கட்டைய எடுத்துட்டு வாங்க. இன்னைக்கே திரும்ப மாட்டணும்.”

கடைப்பக்கம் இருட்டில் எதையோ மெதுவாகச் சுரண்டும் சத்தம் கேட்டது. சரக். சரக். எலியாக இருக்கும் என்று நினைத்தாள்.

“அது இல்ல மதி.”

“இல்லன்னா?”

“ஹோமத்துல போட்டுட்டோம்.” அவன் தலையைத் திருப்பாமல் நேரே பார்த்தபடி சொன்னான். “எடிசன்ல நம்மூர்க் கடைல வாங்கின சமித்து பத்தாதுன்னு ஐயர் சொன்னாரு. அவ்ளோ பழைய கட்டை, குப்பைல போடறதுக்கு சாமிக்காவது போகட்டுமேன்னு சின்னச் சின்னதா அறுத்து வச்சிருந்தேன்.”

அவளுக்கு அந்தப் புகை நினைவுக்கு வந்தது. கறுப்பாக, மேலே போகாமல் தரையோடு ஊர்ந்த புகை. ஐயர் இருமினார். ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்ததால் அலாரம்கூடக் கத்தவில்லை. அவள் தர்ப்பையால் புருஷன் தோளைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கட்டைகளைப் போட, அவள் அவற்றின்மேல் நெய் வார்த்தாள். ஒன்று விடாமல் வார்த்தாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அவளுக்கு அதற்குக்கூட வழி வைக்காமல் எரித்துவிட்டிருந்தான்.

“நீயெல்லாம் ஒரு மனுஷனா?” பதினாலு வருஷத்தில் அவனை அவள் ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை. “என் கையாலயே எரிக்க வச்சிருக்க. பக்கத்துல உக்கார வச்சு, புடவை கட்ட வச்சு, என் கையாலயே!”

“திட்டு. எவ்ளோ வேணா திட்டு.” அவன் குரல் தேய்ந்திருந்தது. “ஆனா மொதல்ல என்னக் கொஞ்சம் உக்கார வை மதி. வெள்ளிக்கிழமைலருந்து முட்டி மடங்கல.”

அப்போதுதான் அவனை அவள் பார்த்தாள். மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பார்க்காத ஆளை. ஒரே சட்டை, இரண்டு நாள் தாடி. இரண்டு ராத்திரியும் இங்கேயே நின்றுகொண்டு தூங்கியிருக்கிறான். அவள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கோபத்தோடு படுத்திருக்கிறாள். தோளைப் பிடித்து அழுத்தினாள். விரல் அமுங்கவில்லை. சட்டைக்கு அடியில் சதை கெட்டியாக, நீளவாக்கில் வரியோடியிருந்தது. காலரை இழுத்து விலக்கினாள். பிடரியில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு கோடு. ரத்தம் இல்லை. வெட்டின் ஓரங்கள் உலர்ந்து, உளி பட்ட பலகை போல் சுத்தமாக இருந்தன.

“என்ன மதி? என்ன இருக்கு அங்க?”

அவள் மேலே பார்த்தாள். துளைகள் இரண்டு.

தன் கைகளைப் பார்த்தாள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிப் பார்த்தாள். கழுத்தைத் தடவினாள். ஒன்றுமில்லை.

“வெண்பா!”

மாடிப்படியில் பதில் வந்தது. தொம். சற்றுப் பொறுத்து, தொம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முட்டி மடங்காமல், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குழந்தை இறங்கி வந்தாள்.

“அம்மா, மை லெக்ஸ் ஆர் பீயிங் வியர்ட்.”

வான்மதி அவளைக் கீழ்ப்படியில் நிறுத்திச் சாக்ஸை உருவினாள். வலது குதிகாலில் பெருக்கல் குறி. இரண்டு கோடுகள்.

அதற்கப்புறம் அவள் யோசிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். நாலரை மணிக்கே பொழுது சாயும் நவம்பர் மாதம், வாசலில் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. பின்சீட்டில் வெண்பாவை உட்கார வைக்க முடியவில்லை. இடுப்பு மடங்க மறுத்தது. பரவாயில்லை, படுக்க வைக்கலாம் என்று கிடத்தி, காரை நகர்த்தினாள். தபால் பெட்டி வரைகூடப் போகவில்லை. வெண்பா அலறினாள். அப்படி ஓர் அலறலை வான்மதி கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால், குதிகாலின் கோடுகள் எலும்பு தெரியும் ஆழத்துக்கு இறங்கியிருந்தன. காரைப் பின்னால் எடுத்தாள். வீட்டை நெருங்க நெருங்க அலறல் விம்மலாகி, விம்மல் அடங்கியது.

நைன் ஒன் ஒன்னுக்கு அடித்தாள். குழந்தைக்கு உடம்பு விறைக்கிறது என்று மட்டும் சொன்னாள். வேறு எதைச் சொல்வது? ஆம்புலன்ஸ் வரக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.

மறுபடி உள்ளே வந்தபோது லேப்டாப் தரையில் கிடந்தது. முகுந்த் வழியின் ஓரத்தில் இல்லை. வழிக்குள்ளே, அடிக்கட்டையின் மேல், பதினொன்றாம் துளைக்கு நேர் கீழே நின்றான். அவன் உயரம் ஐந்தடி ஏழங்குலம். உத்தரம் ஆறரை அடி உயரத்தில் இருந்தது. அவன் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே இடைவெளி இல்லை.

அவனுடைய கழுத்தையும் இடுப்பையும் அவள் பார்க்காமலிருக்க முயன்றாள். கண்கள் மட்டும் பழைய கண்களாகவே இருந்தன. அவை அவளைத் தேடி உருண்டன.

வெண்பாவின் உயரம் நாலடி.

அந்தக் கணக்கு மண்டைக்குள் போனதும் அவளுக்குப் பயம் போய்விட்டது. கோபம்தான் மிஞ்சியது. கிட்டுசாமி மேல், கான்ட்ராக்டர் மேல், சோப்பு விற்றவன் மேல், இந்தக் கட்டை மேல், கட்டையாகிக்கொண்டிருக்கிற புருஷன் மேல். ஏதோ ஒரு காரணத்தோடுதான் இந்தச் சுவரில் வழி விடாமல் கட்டினார்கள். அதைக் கேட்க ஒரு நாதியில்லை, இடிக்க மட்டும் ஆயிரம் பேர். இதற்கு என் பிள்ளையா?

கராஜிலிருந்து இரும்பு முட்டுத்தூணை இழுத்து வந்தாள். சைட்டில் தாங்கலுக்கு நிறுத்துகிற, திருகினால் உயர்கிற தூண். பன்னிரண்டாம் துளைக்குக் கீழே நிறுத்தித் திருகினாள். தூண் ஏறியது. உத்தரமும் ஏறியது. ஒரு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. இன்னும் திருகினாள். இடைவெளி மாறவில்லை. மேல்மாடி முழுவதும் முனகியது. தூணைப் பிடுங்கி எறிந்தாள்.

உளியையும் சுத்தியலையும் எடுத்து ஸ்டூலில் ஏறினாள். குறியையே செதுக்கி எடுத்துவிட்டால்? முதல் அடி விழுந்தது.

“அம்மா! ஸ்டாப்! ஸ்டாப், ஸ்டாப்!”

சோபாவோரம் நிறுத்தி வைத்திருந்த வெண்பாவின் குதிகாலிலிருந்து ஒரு துண்டு உரிந்து கம்பளத்தில் விழுந்திருந்தது. தோல் இல்லை. இளமஞ்சளாகச் சுருண்ட மரச்சீவல்.

குழந்தையின் கழுத்து லேசாக நீண்டிருந்தது. வான்மதிக்கு அது தெரிந்தது. தாய்க்குத் தெரியாதா?

கடைப்பக்கம் சுரண்டல் நின்றது. அதற்குப் பதிலாக ஈரமான சத்தம். சளக். சளக். யாரோ சேறு மிதிக்கிறார்கள். சாண வாடை வந்தது.

நேரமில்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். இடது கையைச் சமையல் மேடையில் வைத்தாள். உளியை வலது கையில் பிடித்தாள். எண் பொருந்த வேண்டும், அவ்வளவுதானே உனக்கு? எண்தானே?

ஒரு கோடு சாய்வாக. அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று. கத்தாமல் செய்தாள். பக்கத்தில் ஒன்று. அதன் பக்கத்தில் ஒன்று. முதல் மூன்று வெட்டிலும் ரத்தம் கொட்டியது. நான்காவது கோடு முடிந்ததும் நின்றுவிட்டது.

சேறு மிதிக்கும் சத்தமும் நின்றது. வீடு முழுவதும் நின்றது.

“அம்மா?” வெண்பா காலைத் தூக்கிப் பார்த்தாள். முட்டி மடங்கியது. குதிகாலில் சிவப்பாக ஒரு கீறல் மட்டும் இருந்தது.

“போ. வெளிய ஓடு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ரோட்டுலயே நில்லு. உள்ள வராத. நான் கூப்பிட்டாலும் வராத.”

“அம்மா, நீங்களும் வாங்க.” தமிழில் சொன்னாள். எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், அழுதுகொண்டே தமிழில் சொன்னாள். “வாங்கம்மா, ப்ளீஸ்.”

“ஓடுடி!”

ஓடினாள். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. நல்ல கால்கள் சரளையில் ஓடும் சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள்.

வான்மதியின் முட்டி இப்போது மடங்கவில்லை. பாதங்கள் தாமாகவே நகர்ந்தன. இந்தப் பரந்த அமெரிக்காவில் நிற்பதற்கு அவளுக்கு அமைந்த இடம் இந்த மனுஷன் பக்கத்தில்தானா என்று நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது. அடிக்கட்டையில் ஏறினாள். முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக விலகியது. வலித்தது. பிறகு வலிக்கவில்லை. உச்சந்தலை பன்னிரண்டாம் துளைக்குள் போனது. குறுக்கே மரமுளை போல எதுவோ இறங்கியது. டொக். டொக். டொக்.

கடைப்பக்கத்திலிருந்து ஒரு பச்சைக் கம்பு வந்தது. அவள் கணுக்காலுக்குப் பின்னால் நுழைந்து, முகுந்தின் கணுக்காலுக்கு முன்னால் வளைந்து போனது. அடுத்தது மாறிப் பின்னியது. அடுத்தது. பின்னி முடித்த இடத்தில் ஓர் உள்ளங்கை சேற்றை அப்பியது. ஜில்லென்ற, ஈரமான, அவசரமில்லாத கை. தட்டிச் சமன் செய்தது. முட்டி. இடுப்பு. மார்பு.

வெளியே சைரன் கேட்டது. வாசலில் சிவப்பு விளக்கு சுழன்றது. யாரோ ஓர் ஆள் குழந்தையிடம் குனிந்து பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வெண்பா மடங்கிய கால்களோடு புல்லில் உட்கார்ந்திருந்தாள்.

சேறு கழுத்துக்கு வந்தது. காதை மூடியது. சைரன் அடங்கிப்போயிற்று.

முகுந்தின் முகம் இன்னும் மூடப்படவில்லை. அவன் கண்கள் அவள் பக்கம் திரும்பியிருந்தன. உதடு அசைந்தது. மூன்று வாரமாக அவள் காத்திருந்த வார்த்தையோ என்னவோ, இரண்டு தடவை, மூன்று தடவை, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கோபத்தில் கண்ணை அகல விரித்து அவனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஈரக் கை அவள் நெற்றிக்கு வந்தது, விரல்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது, திறந்திருந்த கண்களின் மேல் மெதுவாக, வழவழவென்று பூசத் தொடங்கியது.